ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும்

கோழிகளைக் கொல்லும் அந்த நோய் ராணிப்பேட்டையிலிருந்துதான் வருகிறது என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கால்நடை ஆய்வாளர். எங்கள் வீட்டில் 'ராணிக்கெட்' என்ற சொல் உப்பு, புளி மாதிரி தினமும் புழங்கும். ஊசி மருந்து வருவதோ ராணிப்பேட்டையிலிருந்து. இரண்டையும் கூட்டி நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: நோயையும் அங்கேதான் செய்கிறார்கள், மருந்தையும் அங்கேதான் செய்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்ன அன்று அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை விட்டுவிட்டுச் சிரித்தார். "கெட்டு வேற, பேட்டை வேறம்மா. ஒண்ணு இமயமலைப் பக்கம், இன்னொண்ணு பாலாத்துப் பக்கம்."

ராணிக்கெட் குமாவுன் மலையில் உள்ள ராணுவ ஊர். 1920-களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோயை அங்கேதான் அடையாளம் கண்டார்கள், அதனால் அந்தப் பெயர். அதே நோய் 1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் தலைகாட்டியது. உலகம் அதை நியூகாசில் என்கிறது. நம் கிராமங்களில் அதன் பெயர் வெள்ளைக் கழிச்சல். இரண்டு நாளில் தெருவே காலியாகிவிடும். காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் உள்ளே கோழி கழுத்து திருகிக் கிடக்கும்.

சின்ன வயதில் நான் போட்ட அந்தக் கணக்கு முழுக்கத் தப்பில்லை என்பது ரொம்ப வருடம் கழித்துத்தான் புரிந்தது. தடுப்பூசி செய்யும் இடத்தில் முதலில் நோயைத்தான் வளர்க்க வேண்டும். அதுவும் ஊரில் எங்கும் பார்க்க முடியாத அளவில், லிட்டர் லிட்டராக. அதை அடக்கியோ கொன்றோ குப்பியில் அடைப்பது அடுத்த வேலை. எந்த நாட்டிலும் 'தேசிய கால்நடைத் தடுப்பூசி உற்பத்தி மையம்' என்று அறிவிப்பு வந்தால் செய்தியில் முதலில் வருவது ஏக்கர், கோடி, அடிக்கல். எனக்கு உடனே வரும் கேள்விகள் வேறு. எந்தெந்த நோய்க்குச் செய்யப்போகிறீர்கள்? அந்த நோய் யாருடைய மாட்டுக்கு வருவது? அவர்களால் காசு கொடுக்க முடியுமா?

ராணிப்பேட்டைக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-இல் தொடங்கியது. தொடங்கும்போது அதன் வேலை ஒன்றுதான்: வெக்கை நோய்க்குச் சீரம் தயாரிப்பது. இன்றைய தலைமுறைக்கு வெக்கை நோய் என்றால் தெரியாது, நல்லது. மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும், வாயெல்லாம் புண், அப்புறம் நிற்காத கழிச்சல். வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். 1890-களில் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகளை இது அழித்தது. மாடு செத்ததும் உழவு நின்றது, பால் நின்றது, பின்னாலேயே பஞ்சம் வந்து மனிதர்களையும் கொண்டுபோனது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு நோயும் இறங்கி 1920-இல் அங்கே பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-இல் உலக விலங்கு நல அமைப்பே உருவானது.

நம் நாட்டில் இதற்கான வேலை அதற்கும் முன்பே ஆரம்பித்திருந்தது. 1889-இல் புனேயில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகம் தொடங்கினார்கள். நாலே வருடத்தில் அதை மூட்டை கட்டி, இமயமலையில் ஏறக்குறைய 7,500 அடி உயரத்தில் இருக்கும் முக்தேஸ்வருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காரணம் எளிமையானது: இவ்வளவு கொடிய கிருமியை ஊருக்கு நடுவே வைத்துக்கொள்ளக் கூடாது. காடும் மலையும்தான் அன்றைய வேலி. 1897-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே அங்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுதான். தலைமையகம் பிறகு பரேலிக்குப் பக்கத்தில் இசத்நகருக்கு இறங்கி வந்துவிட்டது, முக்தேஸ்வர் இன்னும் அதன் ஒரு வளாகமாக இருக்கிறது.

சீரம் என்பது கடன் வாங்கிய பாதுகாப்பு. நோயிலிருந்து பிழைத்த மாட்டுக்கு மேலும் மேலும் கிருமி ஏற்றி, அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நிறைந்ததும் ரத்தத்தை எடுத்துப் பிரித்து, இன்னொரு மாட்டுக்குப் போடுவார்கள். சில நாட்களுக்குத்தான் தாங்கும். நீண்ட நாள் தாங்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் சீரமும் இன்னொரு பக்கம் நோய் மாட்டின் ரத்தமும் சேர்த்துப் போட வேண்டும். பயமான வைத்தியம். கணக்குச் சற்றுத் தவறினாலும் தடுப்பூசிக்காரரே ஊருக்குள் நோயைக் கொண்டுவந்துவிடுவார். 1920-களின் பிற்பகுதியில் எட்வர்ட்ஸ் என்பவர் முக்தேஸ்வரில் இந்தக் கிருமியை வெள்ளாட்டிலிருந்து வெள்ளாட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்திக்கொண்டே போனார். ஆட்டுக்குப் பழகப் பழக மாட்டின் மேல் அதன் கோபம் குறைந்தது. சீரம் இல்லாமலே போடலாம் என்ற நிலை வந்தது. வெள்ளாட்டு மண்ணீரலை அரைத்து உலர்த்திய தூள்தான் மருந்து. தடுப்பூசி நிலையம் என்றால் அன்று ஒரு பெரிய ஆட்டுக்கொட்டகை என்றுதான் பொருள்.

1960 வாக்கில் கென்யாவில் வால்டர் பிளௌரைட் கன்றின் சிறுநீரகச் செல்களில் அதே நோயின் கிருமியை வளர்த்து அடக்கினார். ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும். இந்தியா 1954-இல் தேசியத் திட்டமாகவே வெக்கை ஒழிப்பைத் தொடங்கியிருந்தது. கடைசி நோய் இங்கே 1995-இல் பதிவானது. அதன் பிறகு ஊசியையே நிறுத்தினார்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் உண்மையிலேயே போய்விட்டதா, ஊசியின் நிழலில் ஒளிந்திருக்கிறதா என்று தெரியாது. 2006-இல் இந்தியாவுக்குச் சான்று, 2011-இல் உலகத்துக்கே. பெரியம்மைக்குப் பிறகு பூமியிலிருந்து ஒழிந்த இரண்டாவது நோய். அப்பா அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தார். அவருக்கு விருது ஒன்றும் வரவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த மாதிரி இருந்தது.

எந்த நோய்க்காக நிலையத்தைக் கட்டினார்களோ அந்த நோயே போய்விட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதானே? இல்லை. அதற்குள் ராணிப்பேட்டை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), சப்பை நோய், தொண்டை அடைப்பான், துள்ளுமாரி, ஆட்டம்மை, வெள்ளைக் கழிச்சல் என்று மாடு, ஆடு, கோழி நோய்களுக்கெல்லாம் கடையைப் பெரிதாக்கியிருந்தது. சொல்லப்போனால் இந்த ஊரைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பக்கம் மாட்டைக் காப்பாற்ற மருந்து, இன்னொரு பக்கம் மாட்டுத்தோலைப் பதனிடும் தொழிற்சாலைகள். மாட்டை வைத்தே ஒரு ஊர் இரண்டு விதமாகப் பிழைக்கிறது.

புதிதாக ஒரு மையம் அமைப்பவர்கள் கட்டடத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியது விதையை. தடுப்பூசித் துறையில் 'விதை' என்றுதான் சொல்கிறார்கள், அழகான சொல். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த விலங்கிலிருந்து எடுத்த கிருமி, எத்தனை முறை வளர்த்தது என்று ஜாதகத்தோடு உறைநிலையில் வைத்திருக்கும் மூல விதை. அதிலிருந்து வேலை விதை. அதிலிருந்துதான் ஒவ்வொரு தொகுதி மருந்தும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே எடுத்த கிருமிதான் பின்னால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கையில் 'அரசூர் 87' என்ற தடுப்பூசி விதையானது. நெடுஞ்சாலையில் பஸ்ஸில் அரசூரைக் கடக்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரிடம் இதைச் சொல்லத் துடிக்கும். இதுவரை சொன்னதில்லை.

விதைக்கு அடுத்தது வளர்க்கும் நிலம். வெள்ளைக் கழிச்சலுக்கு அது முட்டை, அதுவும் உள்ளே குஞ்சு உருவாகிக்கொண்டிருக்கும் ஒன்பது, பத்து நாள் முட்டை. கிருமியைச் செலுத்தி, அடை வைத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, குளிரவைத்து, உள்ளே இருக்கும் நீரை எடுத்து உறைய வைத்து உலர்த்துவார்கள். அந்த முட்டை போட்ட கோழிக்கு வேறெந்த நோயும் இருக்கக் கூடாது, இருந்தால் தடுப்பூசியோடு அந்த நோயும் ஊர் ஊராகப் போகும். ஆக, தடுப்பூசி மையத்துக்கு முன்னால் தனியாக ஒரு கோழிப்பண்ணை வேண்டும், அதற்குக் கோட்டை மாதிரிக் காவல் வேண்டும். மாட்டின் வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரிக்கு வேறு நிலம்: ஒரு காலத்தில் வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த செல்கள், இன்று பெரிய பெரிய எஃகுத் தொட்டிகளில் மிதந்து வளர்கின்றன. அதில் கிருமியை விட்டு, பெருகியதும் ரசாயனத்தால் கொன்று, சுத்திகரித்து, எண்ணெயோடு கலக்க வேண்டும். சுத்திகரிப்பு ஏன் முக்கியம் என்றால், ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் ரத்தப் பரிசோதனையில் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். அது முடியாவிட்டால் எத்தனை கோடி ஊசி போட்டாலும் 'எங்கள் நாட்டில் நோய் இல்லை' என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

அப்புறம் கழிவு. என் சின்ன வயதுச் சந்தேகம் இங்கேதான் உண்மையாகிறது. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட் பக்கத்துப் பண்ணைகளில் கோமாரி வந்தது. அந்நாடு 2001-இல்தான் இதே நோயை அடக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றிருந்தது. இந்த முறை கிருமியைப் பார்த்தால் அது 1967 காலத்து வகை, வெளியே எங்குமே சுற்றாதது. பிர்பிரைட்டில் கோமாரி ஆராய்ச்சிக்கூடமும் தடுப்பூசி ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. இரண்டுக்கும் பொதுவான பழைய வடிகால் குழாயில் கசிவு. 2019-இல் சீனாவின் லான்சோவில், மனிதர்களுக்கும் தொற்றும் கன்றுவீச்சு நோய்க்குத் (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசி செய்த ஆலையில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால் கழிவுக்காற்றில் உயிருள்ள கிருமி வெளியேறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு ரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. ஒரு பக்கம் குழாய், இன்னொரு பக்கம் கிருமிநாசினி. இரண்டுமே திறப்பு விழாவில் யாரும் போட்டோ எடுக்காத சமாச்சாரங்கள். அடிக்கல் நாட்டும்போது கிடைக்கும் பணம், பதினைந்து வருடம் கழித்துக் குழாய் மாற்றும்போது கிடைக்காது.

நம் ஊரிலும் இதற்குப் பாடம் உண்டு, அது மனிதர்களுக்கான தடுப்பூசியில். 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி என்று மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தை, நல்ல உற்பத்தி முறை விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றில் கசௌலியும் குன்னூரும் நூற்றாண்டு அனுபவம் உள்ள இடங்கள். அனுபவம் இருந்தது, சுவர் பழசாகியிருந்தது. விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். விதிக்கேற்ப அந்தச் சுவரை அவ்வப்போது மாற்ற யாரும் காசு ஒதுக்காததுதான் எனக்கு உறுத்துகிறது.

செய்பவரே சோதித்துச் சான்றும் கொடுத்துக்கொள்வது இன்னொரு தலைவலி. ஆப்பிரிக்க நாடுகள் இதற்கென்றே எத்தியோப்பியாவில் டெப்ரே சைத்தில் பொதுவான சோதனை மையம் வைத்திருக்கின்றன. இங்கே உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்தில் இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, இருக்க வேண்டும், இருக்கிறது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டில் பசுவினம் 19 கோடிக்கு மேல், எருமை 10 கோடிக்கு மேல். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சின்னக் கன்றுகளை விட்டுவிட்டாலும் வருடத்துக்குத் தோராயமாக 50, 60 கோடி ஊசி. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய திட்டத்தில் கோமாரிக்கும் கன்றுவீச்சுக்கும் ஐந்து வருடத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்குபவர் ஒரே ஆள், அரசு, ஆனால் பெரிய ஆள். அதனால் செய்பவர்கள் கிடைக்கிறார்கள். தேசிய பால்வள வாரியம் 1982-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய நிறுவனம் இன்று கோமாரித் தடுப்பூசியில் உலக அளவில் பெரிது. தனியாரும் இருக்கிறார்கள். இதில் எனக்குக் குறையில்லை. புதிதாக ஒரு தேசிய மையம் வந்து கோமாரியை மட்டும் செய்யப்போகிறேன் என்றால் பெரிய உற்சாகமும் இல்லை.

ஆனால் அடைப்பானுக்கு? எங்கோ ஒரு தாலுகாவில், நாலு கிராமத்தில், எப்போதோ புதைத்த மாட்டின் மண்ணிலிருந்து பத்து இருபது வருடம் கழித்துக் கிளம்பும் நோய் அது. ஊசி எளியது, 1930-களில் தென்னாப்பிரிக்காவில் ஸ்டெர்ன் உருவாக்கிய அதே விதைதான் இன்றும். விலை சொற்பம், தேவை திட்டுத் திட்டாக. எந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளரும் இதற்காக ராத்திரி கண்விழிக்க மாட்டார். அவர் மேல் தப்பும் இல்லை. சப்பை நோயும் அப்படித்தான், துள்ளுமாரியும் அப்படித்தான். வீட்டுக்கு ஐந்து கோழி வளர்க்கும் கிழவிக்கு வெள்ளைக் கழிச்சல் ஊசியும் அப்படித்தான். இவற்றைச் செய்ய லாபம் பார்க்காத ஒரு இடம் வேண்டும். தேசிய மையம் என்ற சொல்லுக்கு என் வரையில் இதுதான் அர்த்தம். ராணிப்பேட்டை தொண்ணூறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, சத்தமில்லாமல்.

இன்னொரு காரணமும் உண்டு. 2019-இல் ஒடிசாவில், மாட்டின் தோலெங்கும் கட்டி கிளம்பும் தோல் கழலை நோய் முதன்முதலாக நுழைந்தது. 2022-இல் குஜராத், ராஜஸ்தான் என்று பரவி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. இசத்நகர், ஹிசார் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய தடுப்பூசியை அந்த ஆகஸ்டிலேயே அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அன்று களத்தில் மாடுகளுக்குப் போட்டது பெரும்பாலும் ஆட்டம்மை ஊசி, ஏனென்றால் கையில் இருந்தது அதுதான். இந்த நோய்க்கென்றே செய்த ஊசி உரிமம் பெற்றுச் சந்தைக்கு வருவதற்கு 2025 ஆகிவிட்டது. ஆய்வகத்தில் ஒரு குடுவை இருப்பதும் கோடிக் குப்பி இருப்பதும் வேறு வேறு. நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை அமைதிக் காலத்திலேயே கடந்து பழகிய கைகள் வேண்டும். அடைப்பானும் சப்பையும் வருடா வருடம் செய்துகொண்டிருக்கும் இடத்தில்தான் அந்தக் கைகள் இருக்கும்.

இதெல்லாம் செய்து முடித்து லாரியில் ஏற்றிய பிறகு கதை அப்பாவின் சைக்கிளுக்கு வருகிறது. கேரியரில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், அதில் ஐஸ். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் எங்கள் பக்கம் நிழலிலேயே 42 அடிக்கும். ஐஸ் வாங்குவது சோடாக்கடையில், சில நாள் அப்பாவின் சொந்தக் காசில். ஒரு முறை, ஊர் பேர் வேண்டாம், ஒரு மருந்தகத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் பிரிட்ஜில் இருந்த மருந்து முழுக்கச் சூடாகிவிட்டது. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. போட்டுவிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். அப்பா போடவில்லை. அதற்காக அவர் கேட்ட பேச்சு வீட்டில் எங்களுக்கும் கொஞ்சம் வந்து சேர்ந்தது.

ஊர்க்காரர்களும் லேசில் மாட்டைப் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். "ஏன் சார், ஊசி போட்டா பால் கொறையுமாமே?" என்று ஒருவர். "செனை மாடு சார், இது வேணாம், அதோ அந்தக் கெடேரிக்கு வேணா போட்டுக்கோங்க" என்று இன்னொருவர். பால் இரண்டு நாள் கொஞ்சம் குறையும்தான். அப்பா பொய் சொல்ல மாட்டார். "கொறையும்மா, ரெண்டு நாள். கோமாரி வந்தா ரெண்டு மாசம் கறக்காது, பரவாயில்லையா?" இப்போது காதுவில்லையும் பன்னிரண்டு இலக்க எண்ணும் செல்போனில் பதிவும் வந்துவிட்டன. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கோழி ஊசியில் எனக்கு வேறொரு மனத்தாங்கல். ஒரு குப்பி நூறு கோழிக்கு. உலர்ந்த வில்லையாக இருக்கும், நீர் விட்டுக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பண்ணைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கிழவியிடம் இருப்பதோ ஐந்து கோழி. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஸ்பிராட்பிரோ இந்தக் கிராமத்துக் கோழிகளுக்காகவே சூடு தாங்கும் ஒரு விதையைத் தேர்ந்தெடுத்து, ஏழை நாடுகள் தாங்களே செய்துகொள்ளக் கொடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் தீனி மாதிரிப் போடக்கூடிய உருண்டை மருந்து செய்திருக்கிறது. புதிய மையம் எது வந்தாலும் அதன் கருவிப் பட்டியலில் இருபது கோழிக்கான சின்னக் குப்பியை நிரப்பும் இயந்திரம் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதிப் போடலாமா என்று இருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. போன பிப்ரவரி, கோழிக்கழிச்சல் ஊசி முகாம் நடந்த வாரத்தில் நான் ஊரில் இருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே கதவைத் தட்டினாள் கால்நடை மருத்துவரான ஒரு சின்னப் பெண், கோழிகளைத் திறந்துவிடும் முன் பிடித்தாக வேண்டும் என்று. அப்பா தானும் வருகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். முதல் வீட்டில் ஏழு, இரண்டாவது வீட்டில் நாலு. குப்பியைக் கரைத்தாகிவிட்டது. அதன் பிறகு மூன்று பேரும் டார்ச் அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் பஞ்சாரம் தேடினோம். "யம்மா, கோழி இருக்கா, ஊசி இலவசம்" என்று அப்பா ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்தார். சிலர் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள், வேலி மேல் ஏறிய கோழியைப் பிடிக்க முடியுமா? ஏழு மணிக்கு அறுபத்து மூன்று ஆனது. வெயில் ஏறிவிட்டது. மிச்சம் இருந்த முப்பத்தேழு கோழிக்கான மருந்தை, குப்பியோடு, எங்கள் வீட்டுப் பின்கட்டு அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். அது கொதித்து அடங்கும் வரை அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.